கோயில் வரியும் கோர்ட்டு வாய்தாவும்

வாச்சாத்தியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் தீர்ப்பில் வந்துதான் முடிப்பார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் சொன்னது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 29-இல், ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அதை உறுதிசெய்தார். எல்லாம் சரி. எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. 1992-க்கும் 2011-க்கும் நடுவில், அந்த ஊரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களும் காலையில் எழுந்து யார் முகத்தில் விழித்தார்கள்? வாய்தாவுக்குப் போன நாளில் வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டியது யார்? கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்?

நான் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்களில் எனக்கு 'நர்சம்மா' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்போது, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில், குழந்தைகள் நலக் குழு சொல்லும்போது 'ஆதரவு நபர்' என்ற முறையில் பிள்ளைகளோடு ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய்வருகிறேன். வாச்சாத்தி வழக்கில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் தருமபுரிப் பக்கம் இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் அந்த ஊரை நினைக்காமல் இருக்க முடியாது.

சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில் இருக்கும் பழங்குடிகளின் ஊர் அது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து உள்ளே புகுந்தார்கள். ஆலமரத்தடிக்கு ஊரையே இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியாக ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். சிறுமிகளும் அதில் உண்டு. பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறை. வீடுகளைச் சூறையாடினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். தப்பித்தவர்கள் காட்டுக்குள் கிடந்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது அரசாங்கம்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் அவருடைய தோழர்களும் ஊருக்குள் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை மனுவைக் கொண்டுபோனார். மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் போன்றவர்கள் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, பதிவு செய்தார்கள். 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் முதல் வாரத்துச் செய்தி அடங்கிய பிறகும் அந்த ஊரை விட்டுப் போகாதவர்கள் இவர்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வழக்கில் முதல் பத்து நாளைக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமே இல்லை. அப்போது மந்திரிகூட வருவார்.

வாச்சாத்தியை முன்மாதிரியாகச் சொல்லும்போது நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே அக்கிரமம் செய்தவர்கள் வெளியிலிருந்து, சீருடையோடு வந்தவர்கள். ஊர் முழுக்க அடி வாங்கியது, ஊரே வாதியாக நின்றது. நான் கூடப் போகும் வழக்குகள் அந்த மாதிரி இல்லை. நாடு முழுக்கப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவன் தெரிந்த ஆள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்கிறது. தெரிந்த ஆள் என்றால் கிராமத்தில் யார்? சித்தப்பன் முறை, பக்கத்து நிலத்துக்காரன், டியூஷன் எடுப்பவன், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி உபயம் செய்பவன். அவனுக்கும் அதே ஊர்தான். பெரும்பாலும் ஊரில் அவனுக்குத்தான் ஆள் பலம் அதிகம்.

ஊர் ஒன்றுகூடிப் பாதிக்கப்பட்டவளுக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து எழுதுகிறவர்கள் ஆசைப்படுகிறார்கள். ஊர் ஒன்றுகூடி நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் அது கூடுவது பேசி முடிக்கத்தான். "ரெண்டு குடும்ப மானமும் போவுது பாருங்க நர்சம்மா" என்று ஆரம்பிப்பார்கள். செலவுக்கு ஒரு தொகை, அதை வாங்கிக்கொண்டு கேஸை வாபஸ் வாங்குவது, இல்லையென்றால் பதினெட்டு முடிந்ததும் அவனுக்கே கட்டிவைப்பது. ஊர் இப்படிப் பேசுவதைக் குறை சொல்லும் முன், 2015-இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். தண்டனை பெற்ற ஒருவன் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று நம்முடைய உயர் நீதிமன்றத்திலேயே அவனுக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தார்கள். அந்தப் பெண் முடியாது என்றார். சில நாளில் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில், இப்படிப்பட்ட குற்றத்தில் சமரசம் என்ற நினைப்புக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே கொடுத்த உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. படித்த நீதிமன்றத்துக்கே அந்தச் சபலம் வந்தது என்றால் ஆலமரத்தடிக்கு வராதா?

ஆகவே நான் சொல்ல வருவது கொஞ்சம் கசப்பாக இருக்கும். பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஊர் ஒற்றுமை வராது. ஊர் ஒற்றுமையாக ஒரு பக்கம் நிற்கும்போது, நாலைந்து பேர் அதிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்து நின்று, வருஷக்கணக்கில் நகராமல் இருந்தால்தான் அவள் பிழைப்பாள். அப்படிப் பிழைத்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையோ வயதையோ ஜாதியையோ கேட்காதீர்கள். தெரிந்தவர்கள்கூட அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் பெண்ணின் அம்மா பூப்பறிக்கும் கூலி. சாமந்தி, மல்லி, எது சீசனோ அது. விடிவதற்கு முன்னால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிற வேலை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது. மூன்றாவது வாரம் பேச்சு வந்தது, அம்மா மறுத்தார். யாரும் சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தது. தலைக்கட்டு வரி வசூலிக்க வந்த பையன்கள் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊர்க் கணக்கில் இல்லை. மாவிளக்கு எடுக்க முடியாது, கோயில் வாசலில் பொங்கல் வைக்க முடியாது. நாளைக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தோள் கொடுக்க ஆள் வராது. எழுத்தில் எதுவும் இருக்காது, அதனால் போலீஸில் புகார் கொடுக்கவும் வழியில்லை. 'ஒதுக்கி வெச்சிட்டீங்களா?' என்று கேட்டால், "யாரு சொன்னா? பசங்க மறந்துட்டிருப்பானுங்க" என்பார்கள். அதே வாரம் மளிகைக் கடையில் கடன் நின்றது. பூப்பறிக்கக் கூப்பிடுவதும் நின்றது. தோட்டக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் திருவிழா உண்டு.

வரிக் கணக்கு நோட்டு ஒரு பெரியவரிடம் இருந்தது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் பல வருஷமாக அவரிடம்தான் கணக்கு. குற்றம்சாட்டப்பட்டவனுக்குப் பங்காளி முறை. இந்த அம்மாவோடு அவருக்குப் பழைய வரப்புத் தகராறு வேறு. நல்ல நாளில்கூட முகம் பார்த்துப் பேசியதில்லை. அவர் ஒருநாள் காலையில் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கடைப் பையனை அனுப்பி அந்த அம்மாவை வரச் சொன்னார். எல்லோர் முன்னாலும் வரிப் பணத்தை எண்ணி வாங்கினார், ரசீது கிழித்துக் கொடுத்தார். என்ன பெரியவரே என்று யாரோ இழுத்ததற்கு, "ஒரு தலைக்கட்டு விட்டுப்போனா கணக்கு இடிக்கும்டா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நியாயம், பெண்ணுரிமை என்று எதையும் அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அவர் கணக்கைப் பேசினார்; கணக்குக்கு எதிராகப் பேச அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கு விலை கொடுத்தார். அந்த வருஷம் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு அவருக்கு அழைப்பில்லை. நான் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டபோது, மொய் மிச்சம் என்றார்.

ரசீது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஆனால் பயந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. தையல் கடை வைத்திருந்த ஒரு பெண், வாய்தா நாட்களில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தாள். பூ வியாபாரி ஒருவர் நாலு மைல் தள்ளி இன்னொரு ஊர்த் தோட்டத்தில் அம்மாவுக்குப் பறிப்பு வேலை பிடித்துக்கொடுத்தார். பக்கத்து ஊர் ஆட்டோக்காரப் பையன், கோர்ட்டுக்குப் போகிற காலையில் மட்டும் ஊர் எல்லையில் நிற்காமல் வீட்டு வாசல் வரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டு போனான். இவர்களில் யாரும் ஒருவரையொருவர் கலந்து பேசிச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சங்கம் கிடையாது, பேனர் கிடையாது. சுயஉதவிக் குழு ஒன்று அந்த ஊரில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவி குற்றம்சாட்டப்பட்டவனின் அண்ணி என்பதால் அந்தக் குழு கடைசிவரை வாயே திறக்கவில்லை. குழு இருந்தால் போதும் என்று நினைக்கும் அதிகாரிகளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

கோர்ட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்தைப் படித்துப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். பிள்ளையின் சாட்சியத்தை வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 30 நாளில் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஒரு வருஷத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது, மிரட்டும் தொனியில் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது, சாட்சி சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவன் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. கோர்ட்டுக்குள் ஓரளவுக்கு இது நடக்கவும் செய்கிறது. நல்ல நீதிபதிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீதிமன்றத்துக்குள் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. மரத்தடி பெஞ்சு இருக்கிறது. எதிர் பெஞ்சில் அவனுடைய அக்காவும் மாமாவும் தூக்குப்பாத்திரத்தில் புளிசாதம் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பார்கள். அவர்கள் எதைப் பேசிச் சிரித்தாலும் பிள்ளைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் படும். உள்ளே சட்டம் திரை கட்டிக் கொடுக்கிறது. வெளியே, எங்களைப் போலக் கூடப் போகிற நாலு பொம்பளைகள்தான் திரை. பிள்ளைக்கும் அந்த பெஞ்சுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து வெற்றிலை போடுவதுதான் எங்களுடைய வேலையில் பாதி.

அப்புறம் வாய்தா. அரசு வக்கீல் விடுப்பு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டு, சாட்சி சொல்ல வேண்டிய டாக்டர் இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அடுத்த மாதம் வாருங்கள். இப்படியே இரண்டாவது வருஷம் போகும், மூன்றாவது வருஷம் போகும். ஒரு தாய் பிறழ்சாட்சியாக மாறுவது பணத்தாலும் பயத்தாலும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் அலுப்புதான் காரணம். ஒரு நாள் கூலி போகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. மாவட்டத் தலைநகருக்குப் போகிற வண்டி எல்லாம் டவுன் பஸ் இல்லையே? இரண்டு பேர் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால், கூலியோடு சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் எதிராளி 'போதும் விடுங்களேன்' என்று மெதுவாகச் சொன்னால், அது மிரட்டலாகவே தெரியாது. ஆறுதல் மாதிரி இருக்கும்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13-ஆம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, டி.வி.யில் தண்டனையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அன்றைக்கு அரசு வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம் அடிபட்டுப்போனது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அந்த வழக்கு வெடித்தது 2019-இல். ஆறு வருஷம்! அதுவும் எப்படித் தொடங்கிய வழக்கு? புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை ஒரு காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர் முன்னால் சொல்லி, அதற்கு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும்படி ஆன வழக்கு. அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் யாராவது ஒரு அம்மா, ஒரு தோழி, ஒரு பக்கத்து வீட்டுக்காரி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் சட்டமும்.

அடையாளம் வெளிப்படுவது பற்றி நம்மவர்களுக்கு ஒரு அலட்சியம் இருக்கிறது. பேரைத்தானே சொல்லக் கூடாது, ஊரைச் சொல்லலாம், படிக்கிற பள்ளியைச் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். எந்த விவரத்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமோ அதில் எதையும் சொல்லக் கூடாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்கப்புறம்தான் 2024 டிசம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். விவரம் வெளியே கசிந்தது. அங்கேயும் 25 லட்சம் இழப்பீடு. போலீஸ் கசியவிட்டால் நஷ்டஈடாவது கேட்கலாம். டீக்கடையில் வழி கேட்கிறவனுக்கு "அந்தப் பொண்ணு வீடா? ஓட்டு வீடு, முன்னால முருங்க மரம் இருக்கும்" என்று கை காட்டுகிறார்களே, அவர்களை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகுவது ஒரு உதவி. பைசா செலவில்லை. வாட்ஸ்ஆப்பில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழிப்பதும் அப்படித்தான்.

என்னுடைய பழைய தொழிலிலிருந்தும் சிலது சொல்கிறேன், இது முதல் இரவுக்கு உதவும். ஒரு பெண் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி இப்படி நடந்துவிட்டது என்று சொன்னால், 'முதல்ல குளிச்சிட்டு வாம்மா' என்று சொல்லாதீர்கள். பாசத்தில்தான் சொல்வீர்கள், ஆனால் தடயம் போய்விடும். கழற்றிய துணியை அலசாமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரத்தில் கெட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி என்று கிடையாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே காசு வாங்காமல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அதுவே குற்றம். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கணக்கு; அதையும் கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு விரல் பரிசோதனை என்ற கேவலத்தைச் செய்கிறவர்கள் ஒழுங்கீனக் குற்றவாளிகள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது; யாராவது கையுறை மாட்டிக்கொண்டு வந்தால், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வயது வந்த பெண் போலீஸுக்குப் போக வேண்டாம் என்றால், அது அவள் முடிவு. சிகிச்சை அப்போதும் உண்டு. கேஸ் கொடுத்தால்தான் உன்னோடு நிற்பேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் சட்டம் வேறு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், செவிலியருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான். இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. காதலித்துக் கர்ப்பமான பதினேழு வயதுப் பெண்கள் இந்தச் சட்டத்துக்குப் பயந்து ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமே வராமல் மருந்துக் கடையில் எதையோ வாங்கி விழுங்கி ரத்தப்போக்கோடு கிடந்ததை இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. எத்தனை ஆஸ்பத்திரிகளில் அந்த வாசல் திறந்திருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது என்ன? சட்டம் போதாது என்று நான் சொல்ல மாட்டேன். 2020 போக்சோ விதிகளில் 'சிறப்பு நிவாரணம்' என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் குடும்பத்துக்குச் சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி உடனடித் தேவைக்குப் பணம் கொடுக்கும்படி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்து ஒரு வாரத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். இழப்பீடு வேறு, இது வேறு. இந்த விதி இருப்பதை எந்தத் தாயும் என்னிடம் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். வழக்குப் பதிவாகிற அன்றைக்கே இதற்கான விண்ணப்பத்தை ஸ்டேஷனிலேயே எழுதி வாங்கி அனுப்பினால் என்ன?

ஆதரவு நபரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023-இல் அழுத்திச் சொன்ன பிறகு பட்டியல்கள் தயாராகின்றன. நல்லது. ஆனால் அதிகாரிகளோடு கூட்டத்தில் உட்காரும்போதெல்லாம் ஊராட்சி அளவிலேயே குழு இருக்கிறதே, அதை முடுக்கிவிட்டால் போதாதா என்ற பேச்சு வருகிறது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க, பள்ளிக்கூடம் நின்ற பிள்ளையைத் திரும்பச் சேர்க்க அந்தக் குழு உதவும், மறுக்கவில்லை. இந்த வழக்குகளில் அது வேண்டாம். தலைவருக்கு ஓட்டு வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவன் வீட்டில் பதினெட்டு ஓட்டு இருக்கும், பூப்பறிக்கிறவள் வீட்டில் ஒன்று. குழுவில் ஒருவருக்குத் தெரிந்தால் ராத்திரிக்குள் ஊருக்கே தெரியும்.

எனக்குத் தோன்றுவது இது. ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும், கூடப் போகிறவள் எப்போதும் பக்கத்து ஊர்க்காரியாக இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஊர்த் திருவிழாவில் பங்கு கிடையாது, பங்காளி கிடையாது, மளிகைக் கடைக் கடனும் கிடையாது. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்தா நாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வெறும் போக்குவரத்துப் படி போதாது. அந்தத் தாய்க்கு அன்றைய கூலியையும் கோர்ட்டிலேயே கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். சாட்சிப் படிக்கு மனு எழுதிக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. சேவை மனப்பான்மையோடு செய்யுங்கள் என்று எங்களிடம் சொல்கிறார்கள். சேவை முதல் வருஷத்துக்கு வரும். நாலாவது வருஷம் வாய்தாவுக்கு ஆள் வர வேண்டும் என்றால், பஸ் ஏறும் முன்னால் அவளுக்கு ஒரு உத்தரவுக் கடிதமும் மாதக் கடைசியில் பணமும் வர வேண்டும்.

அந்தப் பெண்ணின் வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை, அதுவும் ஒரு அடையாளம். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தால் சென்னைக்கு யார் கூடப் போவது என்று போன மாதம் தையல்காரப் பெண் போனில் கேட்டாள். ரயிலா பஸ்ஸா என்பதைத் தவிர மற்றதெல்லாம் நாங்கள் பேசி முடித்துவிட்டோம்.